ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600: சிக்கனமான முதல் கேமிங் கணினிக்கான பாகங்கள் – ஒரு மதிப்புரை

கேமிங் கணினியை முதன்முறையாகத் தாமே பொருத்த முற்படுகிறவர்கள் பெரும்பாலும் ப்ராசஸரில் தொடங்குகிறார்கள். கையிலிருக்கும் பணத்தில் கிடைக்கக்கூடிய மிக வேகமான ப்ராசஸரை முதலில் வாங்கிவிட்டு, எஞ்சியதை மற்ற பாகங்களுக்குப் பங்கிடுகிறார்கள். வேறு வேலைகளுக்கு அந்த வரிசை பொருந்தலாம், விளையாட்டுக்குப் பொருந்தாது. இங்கே மதிப்பிடப்படும் தொகுப்பில் ஏஎம்டி ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 சிப்செட் கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4-3200 ரேம்கள், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி சேமிப்பகம், 8 ஜிபி நினைவகமுள்ள ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை, முன்பக்கத்தில் வலைத்தகடு வைத்த சாதாரணக் கேபினட் ஆகியவை அடங்கும். இவற்றில் எதுவும் புதுவரவு அன்று. கிராபிக்ஸ் கார்டு 2021 அக்டோபரிலும் ப்ராசஸர் 2022 ஏப்ரலிலும் வெளிவந்தவை. ஆயினும் சிக்கனமான முதல் கணினிக்கு இன்றும் இந்தச் சேர்க்கையை நான் பரிந்துரைப்பேன். ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்காகக் காத்துக் கிடக்கும் நிலை இதில் மிகக் குறைவு என்பதே காரணம்.

பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை கேபினட்டுக்கு வெளியே, மானிட்டரில்தான் தொடங்க வேண்டும். 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 2560×1440 திரையில் அது 36.9 லட்சமாகவும், 3840×2160 திரையில் 82.9 லட்சமாகவும் உயர்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது அடுத்தடுத்து வரையப்படும் ஒவ்வொரு தனிப்படத்திலும், அத்தனை புள்ளிகளுக்கும் நிறத்தைக் கணக்கிட்டுத் தருவது கிராபிக்ஸ் கார்டின் பொறுப்பு என்பதால், 1080பி திரையிலிருந்து 1440பி திரைக்கு மாறுகிறவர் அந்தக் கார்டின் சுமையை முக்கால் பங்குக்கு மேல் கூட்டிவிடுகிறார். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்ற கணக்கில், இத்தொகுப்புக்கு உரியது 144 ஹெர்ட்ஸ் வேகமும் ஃப்ரீசிங்க் வசதியும் கொண்ட 1080பி மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறையும், 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 மில்லி நொடிக்கு ஒருமுறையும் படத்தைப் புதுப்பிக்கின்றன. சுடும் விளையாட்டுகளில் குறியைத் திருப்பும்போது இந்த வேறுபாட்டைக் கை உடனே உணரும். ஃப்ரீசிங்கின் பயன் வேறு வகையானது. ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது திரையின் புதுப்பிப்பு வேகமும் கூடவே ஏறி இறங்குவதால், நொடிக்கு 70 ஃபிரேம் வரும் இடத்திலும் படம் கிழிபடாமலும் திக்காமலும் ஓடுகிறது. உச்ச வேகத்தை எப்போதும் தொட முடியாத சிக்கனக் கார்டுக்குத்தான் இந்த வசதி விலை உயர்ந்த கார்டைவிட அதிகம் தேவைப்படுகிறது.

திரை முடிவானபின் கிராபிக்ஸ் கார்டு. மானிட்டரையும் விசைப்பலகையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை இந்த ஒரு பாகத்துக்கே போக வேண்டும் என்பது என் கணிப்பு. அதற்குக் குறைவாக ஒதுக்கியவரின் கணினியில் வேறெங்கோ பணம் தூங்குகிறது என்று பொருள். ஆர்எக்ஸ் 6600 கார்டு ஆர்டிஎன்ஏ 2 வடிவமைப்பைச் சேர்ந்தது; 128 பிட் அகலமுள்ள நினைவகப் பாதை, 32 எம்பி இன்ஃபினிட்டி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேகச் சிறு நினைவகம்), 132 வாட் மின்தேவை ஆகியவை அதன் அடிப்படை விவரங்கள். பாதையின் அகலத்தை மட்டும் பார்த்தால் குறுகலாகத் தோன்றும். அந்தக் குறுகலை ஈடுகட்டவே கேஷ் வைக்கப்பட்டிருக்கிறது; 1080பி அளவில் அது தன் வேலையைச் செய்கிறது, தெளிவு கூடக் கூடத் தடுமாறுகிறது. ஆக, இந்தக் கார்டை 1440பி திரையோடு இணைக்க வேண்டாம் என்று சொல்வது அதன் வடிவமைப்பிலிருந்தே வரும் எச்சரிக்கை.

கார்டின் 8 ஜிபி நினைவகம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விளையாட்டின் மேற்பரப்புப் படங்கள் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் அடங்கும்வரை சிக்கலில்லை. அடங்காதபோது மிஞ்சியவை கணினியின் பொது ரேமில் வைக்கப்பட்டு, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ இணைப்பு வழியாக வேண்டும்போதெல்லாம் வரவழைக்கப்படுகின்றன. அந்தப் பயணம் மெதுவானது என்பதால் சராசரி ஃபிரேம் எண் நன்றாகத் தெரியும்போதே ஆட்டம் திடீர் திடீரென நின்று நின்று நகரும். 4 ஜிபி கார்டுகளை இன்று எந்த விலையிலும் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு: அதில் 4 ஜிபி நினைவகமும் நான்கே பிசிஐஇ வழித்தடங்களும் உள்ளன, பிசிஐஇ 3.0 மட்டும் உள்ள பழைய மதர்போர்டில் செருகினால் அந்த நான்கு தடங்களின் வேகமும் பாதியாகிவிடும். போதாக்குறைக்கு, விளையாட்டைப் பதிவுசெய்ய உதவும் வீடியோ என்கோடரும் அதில் இல்லை. ஆர்எக்ஸ் 6600 எட்டுத் தடங்களைப் பயன்படுத்துகிறது. பிசிஐஇ 3.0 மதர்போர்டில் அதற்கு ஏற்படும் இழப்பு பெரும்பாலான விளையாட்டுகளில் சிறியதே. 8 ஜிபி என்பதும் இப்போது வசதியான அளவு அன்று, குறைந்தபட்ச அளவு. புதிய பெரிய விளையாட்டுகளில் மேற்பரப்புத் தரத்தை ஒரு படி இறக்கி வைக்க மனம் உள்ளவருக்கு அது போதும். எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துத்தான் ஆடுவேன் என்பவர் இந்த மதிப்புரையை இங்கேயே நிறுத்திக்கொண்டு கூடுதல் பணம் சேர்ப்பது நல்லது.

ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ஒளிக்கதிர்த் தடமறிதல் எனப்படும் ரே டிரேசிங்கில் இந்தக் கார்டு பலவீனமானது. விருப்பத் தேர்வாக அது வரும் விளையாட்டுகளில் அணைத்துவிட்டால் போயிற்று. ஆனால் அணைக்கவே முடியாத விளையாட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. 2024 டிசம்பரில் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதத்தில் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ஆகிய இரண்டும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் இயங்காது. அவை இரண்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலும் ஆர்எக்ஸ் 6600 இடம்பெற்றிருக்கிறது என்பது ஒருவகையில் ஆறுதல், இன்னொரு வகையில் எச்சரிக்கை: வாசலுக்குள் நுழைய அனுமதி உண்டு, அதற்குமேல் சலுகை இல்லை. மேலும், 2025 இறுதியில் ஏஎம்டி நிறுவனம் ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தனிக் கிளையாகப் பிரித்தது. ஆதரவு தொடரும் என்று பின்னர் விளக்கம் அளித்தாலும், புதிய வசதிகள் முதலில் புதிய கார்டுகளுக்கே போகும் என்பதை வாங்குகிறவர் கணக்கில் கொள்ள வேண்டும். குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் தொழில்நுட்பத்தின் நான்காம் பதிப்பையும் ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்றே ஏஎம்டி வெளியிட்டது. ஆர்எக்ஸ் 6600 வைத்திருப்பவர் பயன்படுத்துவது அதற்கு முந்தைய பதிப்புகளை. 1080பி திரையில் அவற்றின் உதவியால் கிடைக்கும் படம் சற்று மங்கலாகவும் அசையும் இலைகளில் மினுமினுப்போடும் இருக்கும்.

இதே நிலையில் எதிரே நிற்கும் கார்டுகளில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 விளையாட்டு வேகத்தில் தெளிவாகப் பின்தங்கியது. பெயரின் புகழுக்காக அதற்கு அதிக விலை கொடுப்பதில் பொருளில்லை. 12 ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 3060 வேறு விஷயம். அதன் 192 பிட் பாதையும், எஃப்எஸ்ஆரைப் போலப் படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதியும் உண்மையான நன்மைகள். விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் அதையே வாங்கலாம். 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 கார்டும் 12 ஜிபி நினைவகத்தோடு ஆசை காட்டுகிறது. ஆனால் அதற்கு, கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் நேரடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் என்னும் வசதி மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதோடு, ரைசன் 5 5600 போன்ற ப்ராசஸர்களோடு சேரும்போது சில விளையாட்டுகளில் அதன் வேகம் எதிர்பார்ப்புக்குக் கீழே விழுவதை 2025 தொடக்கத்தில் வெளியான சோதனைகள் காட்டின. டிரைவரின் வேலையில் ஒரு பகுதி ப்ராசஸரின் தலையில் விழுவதே காரணம். தனித்துப் பார்த்தால் நல்ல கார்டு. இந்தத் தொகுப்புக்குப் பொருத்தமான கார்டு அன்று.

பழைய கார்டு வாங்கலாமா என்ற கேள்வியும் இங்கே எழும். 2022 செப்டம்பரில் எதீரியம் என்னும் மறைநாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கிராபிக்ஸ் கார்டுகளால் நாணயம் ஈட்டும் ‘சுரங்கமிடும்’ தேவையை ஒழித்தபின், ஓய்வின்றி ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றின் சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்வது விசிறியின் தாங்கியும், நினைவகச் சிப்களின் மேலுள்ள வெப்பப் பட்டைகளும்தான். விற்பவர் முன்னிலையில் கனமான விளையாட்டை அரைமணி நேரமாவது ஓடவிட்டு, விசிறியின் ஒலியையும் வெப்ப அளவையும் கவனிக்க முடிந்தால் மட்டுமே அந்த வழியில் போகலாம்.

ப்ராசஸருக்கு வருவோம். ரைசன் 5 5600 ஆறு கோர்களும் (தனித்தனியே கணக்கிடும் அலகுகள்) பன்னிரண்டு த்ரெட்களும் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய பணியிழைகள்) 32 எம்பி எல்3 கேஷும் கொண்டது. 65 வாட் வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஒரே எண்ணைச் சுமந்து வரும் அதன் உறவினர்களிடம் ஏமாறாமல் இருக்க வேண்டும். 5500, 5600ஜி ஆகிய இரண்டிலும் எல்3 கேஷ் 16 எம்பி மட்டுமே. இரண்டும் பிசிஐஇ 3.0 வேகத்தோடு நின்றுவிடுகின்றன. விளையாட்டுகள் அந்தக் கேஷை மிகவும் நம்பியிருப்பதால், பெயரில் ஓர் எழுத்து கூடியதற்கு நொடிக்குப் பல ஃபிரேம்களை விலையாகத் தர வேண்டியிருக்கும். தனிக் கார்டு வாங்கப் பணம் சேரும்வரை உள்ளிணைந்த கிராபிக்ஸைக் கொண்டு சமாளிக்க விரும்புகிறவருக்கு மட்டும் 5600ஜி பொருந்தும். 5600இல் உள்ளிணைந்த கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டிலுள்ள எச்டிஎம்ஐ துளையில் மானிட்டரைச் செருகினால் திரை இருண்டே இருக்கும். கணினி பழுது என்று நினைத்து முழுவதையும் பிரித்துவிட்டவர்கள் உண்டு.

இன்டெல் பக்கத்தில் இதற்கு நிகர் கோர் ஐ5-12400எஃப். இரண்டில் எது மதர்போர்டோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம் என்னும் அளவுக்கு விளையாட்டில் இரண்டும் நெருங்கியவை. நான்கு கோர் கொண்ட ஐ3-12100எஃப் வந்த காலத்தில் வியப்பூட்டிய சில்லு. சராசரி ஃபிரேம் எண்ணில் இன்றும் அது பரவாயில்லை. ஆனால் கூட்டம் நிறைந்த நகரக் காட்சிகளிலும் பலர் சேர்ந்து ஆடும் பெரிய களங்களிலும் ஃபிரேம்கள் சீரில்லாமல் வருகின்றன. எனவே ஆறு கோருக்குக் கீழே இறங்க வேண்டாம். அதே வேளையில் எட்டுக் கோருக்கு ஏறவும் வேண்டாம்: இந்தக் கார்டோடு 1080பி திரையில் ஆடும்போது பெரும்பாலான விளையாட்டுகளில் வேகத்தை வரையறுப்பது கார்டுதான், ப்ராசஸர் அதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிட்டு நிற்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் போன்ற இலகுவான போட்டி விளையாட்டுகள் இதற்கு விலக்கு. அங்கே ப்ராசஸரே வரம்பு. ஆனால் அந்த வரம்பும் 144 ஹெர்ட்ஸ் திரையின் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

மதர்போர்டைப் பற்றி நீளமாகப் பேச எதுவுமில்லை. பி550 சிப்செட் போதும். கார்டுக்கும் முதல் எஸ்எஸ்டிக்கும் பிசிஐஇ 4.0 கிடைக்கும். முந்தைய தலைமுறை பி450 போர்டு மலிவாகக் கிடைத்தால் அதன் பயாஸ் ரைசன் 5000 வரிசையை ஏற்கும் பதிப்பில் இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே வாங்க வேண்டும். ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவ் வழியாக பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் எல்லாப் போர்டுகளிலும் இருப்பதில்லை. வண்ண விளக்குகளுக்கும் கவசத் தகடுகளுக்கும் கொடுக்கும் பணம் ஒரு ஃபிரேமைக்கூடத் தராது. மாறாக, நான்கு ரேம் துளைகள், மின்சீரமைப்புப் பகுதியின் மேல் ஓர் அலுமினியத் தகடு, கேபினட்டின் விசிறிகளை இணைக்கப் போதுமான முனைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வைஃபை பல மலிவுப் போர்டுகளில் இராது; இணையக் கம்பி மேசைவரை வராத வீட்டில் இது பெட்டியைப் பிரித்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

ரேம் விஷயத்தில் அளவைப் போலவே எண்ணிக்கையும் முக்கியம். டிடிஆர்4-3200 ரேம் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கொடுக்கிறது. இரண்டு ரேம்களைச் சரியான துளைகளில் பொருத்தினால் அது 51.2 ஜிபி ஆகிறது. 16 ஜிபி ஒற்றை ரேமை வாங்கிவிட்டு, பின்னால் இன்னொன்றைச் சேர்க்கலாம் என்று திட்டமிடுகிறவர் அதுவரை பாதி அகலத்திலேயே ஓடிக்கொண்டிருப்பார். நான்கு துளை கொண்ட போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும் சரியான இடங்கள். பொருத்தியபின் பயாஸில் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்க வேண்டும். இயக்காவிட்டால் பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும் ரேம் 2133, 2400, 2666 போன்ற அடிப்படை வேகங்களில் ஒன்றிலேயே ஓடும், கணினி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. 32 ஜிபி வைத்தால் நிம்மதி கூடும் என்பது உண்மைதான். ஆயினும் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் நினைவகத்தின் விலை வெகுவாக ஏறிய பின், 16 ஜிபியில் தொடங்கி, மற்ற இரண்டு துளைகளைப் பிற்காலத்துக்கு விட்டுவைப்பதே சிக்கனக்காரருக்கு ஏற்றது.

எஸ்எஸ்டியில் வேக எண்களைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. பழைய இணைப்பு முறையான சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பியோடு நிற்க, பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3500 எம்பி வரையும், 4.0 வகை 7000 எம்பி வரையும் போகின்றன. ஆனால் விளையாட்டு திறக்கும் நேரத்தில் இந்த எண்கள் அதே விகிதத்தில் வெளிப்படுவதில்லை. ஏற்றப்படும் தரவை விரித்து அடுக்கும் வேலையில்தான் பெரும்பகுதி நேரம் கழிகிறது. எனவே வேகத்தை விடக் கொள்ளளவுக்கு முன்னுரிமை தர வேண்டும். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றுக்கே 150 ஜிபி இடம் கேட்கப்படும் காலத்தில், 500 ஜிபி எஸ்எஸ்டி விரைவில் நிரம்பிவிடும். 1 டிபி என்று விற்கப்படுவதும் விண்டோஸில் 931 ஜிபியாகத்தான் தெரியும். சொந்த டிரேம் சிப் (எஸ்எஸ்டிக்கான தற்காலிக நினைவகம்) இல்லாத மாதிரிகள் விளையாட்டுக்குப் போதுமானவை. ஒரு செல்லில் நான்கு பிட்களைச் சேமிக்கும் க்யூஎல்சி வகையை மட்டும், பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது அது மிகவும் மந்தமாகிவிடும் என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

பவர் சப்ளையைப் பற்றி எழுதும்போது சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. சிக்கனக் கணினிகளில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் பாகம் இதுதான். இத்தொகுப்பின் தேவை பெரிதன்று. கார்டு 132 வாட். ப்ராசஸர் 65 வாட் வகை என்றாலும் முழுச் சுமையில் 76 வாட் வரை எடுக்கும். எஸ்எஸ்டி, ரேம், விசிறி, மதர்போர்டு எல்லாம் சேர்ந்து இன்னும் ஓர் ஐம்பது வாட். 300 வாட்டைக்கூடத் தொடாத இந்தச் சுமைக்கு 550 வாட் எதற்கு என்று கேட்கலாம். பவர் சப்ளைகள் ஏறத்தாழப் பாதிச் சுமையில்தான் மிகச் சிக்கனமாகவும் அமைதியாகவும் இயங்குகின்றன என்பது ஒரு காரணம். கிராபிக்ஸ் கார்டுகள் மில்லி நொடிக் கணக்கில் தம் சராசரியைத் தாண்டி மின்சாரத்தை இழுப்பது இன்னொரு காரணம். நாளை கார்டை மாற்றும்போது இதையும் மாற்ற நேரக் கூடாது என்பது மூன்றாவது.

ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை நம்பி வாங்கக் கூடாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிக்கு எதிரே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பார்த்து அதைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். 45 ஆம்பியர் என்றால் 540 வாட். 550 வாட் என்று சொல்லிக்கொள்ளும் பொருளுக்கு அது நேர்மையான கணக்கு. 500 வாட் என்று விளம்பரப்படுத்திவிட்டு 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் மட்டும் தருவது உண்மையில் 360 வாட் பொருள், ஏனெனில் இன்றைய ப்ராசஸரும் கார்டும் பெரும்பாலும் அந்த ஒரு வரியிலிருந்தே உண்கின்றன. 80 பிளஸ் பிரான்ஸ் சின்னம் இருந்தால் நல்லது. பாதிச் சுமையில் ஏறத்தாழ 85 விழுக்காடு மின்திறன் வீணாகாமல் கிடைக்கும் என்பது அதன் பொருள். அந்தச் சின்னம் அளப்பது சிக்கனத்தை மட்டுமே. மின்னழுத்தம் ஏறினாலோ குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றும் பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்துக்கு அது சான்று தருவதில்லை. ஆகவே, அந்தப் பாதுகாப்புகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஐந்து ஆண்டு உத்தரவாதமும் தருகிற, பிரித்துப் பார்த்துச் சோதித்த விமர்சனங்களில் தேறிய மாதிரியையே வாங்க வேண்டும். கேபினட்டோடு இலவசமாக வரும் பவர் சப்ளையை அந்த இலவசத்துக்காகவே சந்தேகிக்கலாம். கழற்றக்கூடிய கம்பிகள் கொண்ட மாதிரி என்றால் ஒன்றை மட்டும் மறக்கலாகாது: ஒரு நிறுவனத்தின் கம்பியை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே மின்வரிசை மாறியிருக்கும், எஸ்எஸ்டியோ மதர்போர்டோ நொடியில் கருகும்.

கேபினட்டுக்குக் காற்றோட்டம் ஒன்றே இலக்கணம். முன்னால் கண்ணாடி மூடியவற்றைத் தவிர்த்து, வலைத்தகடு உள்ளதை எடுத்து, முன்பக்கம் ஒரு விசிறி உள்ளிழுக்கவும் பின்பக்கம் ஒரு விசிறி வெளித்தள்ளவும் வைத்தால் இத்தொகுப்பின் வெப்பத்துக்குப் போதும். வாங்கவிருக்கும் கார்டின் நீளம் உள்ளே அடங்குமா என்று மட்டும் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தும் வேலையில் புதியவரைத் திணறடிக்கும் இடம், ப்ராசஸரோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர். இந்த ப்ராசஸர் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் கொண்ட மதர்போர்டில் முன்கூட்டியே பொருத்தியிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றினால்தான் இந்தக் கூலரின் நான்கு திருகுகள் இறங்கும். அவற்றைக் கழற்றும்போது பின்பக்கத்து உலோகத் தகட்டைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் அது கீழே விழும். போர்டை மேசையில் படுக்க வைத்து, தகட்டைக் கீழிருந்து தாங்கியபடி, திருகுகளைக் குறுக்கு மூலைகளாகச் சிறிது சிறிதாக இறுக்குவது சரியான முறை. வெப்பப் பசை கூலரின் அடியில் ஏற்கெனவே பூசப்பட்டிருப்பதால் தனியாக வாங்க வேண்டியதில்லை. ஒருமுறை கழற்றினால் மட்டும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். ப்ராசஸரின் அடியிலுள்ள 1331 ஊசிகளுக்கு எந்த அழுத்தமும் தேவைப்படாது. முக்கோணக் குறியை முக்கோணக் குறியோடு சேர்த்து வைத்தால் தன் எடையிலேயே இறங்கிவிடும். இந்தக் கூலர் கனமான விளையாட்டுகளில் ஒலி எழுப்பவே செய்கிறது. ப்ராசஸர் தன் வரம்பான 90 டிகிரியை நெருங்காதவரை அது காதுக்கு மட்டுமே தொல்லை. மலிவான கோபுரக் கூலர் ஒன்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கணினி எழுந்தபின் செய்ய வேண்டியவை சில உள்ளன. பயாஸில் எக்ஸ்எம்பியோடு ரீசைசபிள் பாரையும் இயக்குவது ஆர்எக்ஸ் 6600க்கும் பலன் தருகிறது. எஃப்டிபிஎம், செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகளும் இயக்கத்தில் இருக்க வேண்டும். விண்டோஸ் 11இல் வேலரன்ட் அவை இல்லாமல் திறக்காது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் இதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. விண்டோஸ் புதிய மானிட்டரைப் பல நேரங்களில் 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவைக்கும். திரை அமைப்பில் 144ஐத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வாங்கிய பொருள் வேலை செய்யத் தொடங்குகிறது.

அவ்வாறு அமைத்த நிலையில், பெரும்பாலான பெரிய விளையாட்டுகளை 1080பி திரையில் உயர்ந்த அமைப்பில் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் நடத்துகிறது இத்தொகுப்பு. போட்டி விளையாட்டுகள் திரையின் முழு வேகத்தையும் எட்டுகின்றன. அண்மையில் வந்த மிகக் கனமான விளையாட்டுகளில் நடுத்தர அமைப்புக்கு இறங்க வேண்டியிருக்கிறது. நிழலையும் மூடுபனியையும் ஒவ்வொரு படி குறைத்தாலே ஃபிரேம்கள் பெருமளவு மீளும் என்பதும், ஓடி ஆடும்போது அந்த வேறுபாட்டைக் கண் தேடுவதில்லை என்பதும் இதைப் பொறுத்துக்கொள்ளச் செய்கின்றன.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, 2022 செப்டம்பரில் வந்த, ஏஎம்டியின் அடுத்த தலைமுறை சாக்கெட்டான ஏஎம்5 மேடையில் தொடங்குவதே அறிவுடைமை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாதத்தில் வலு உண்டு: ரைசன் 5 7600 விளையாட்டில் தெளிவாக வேகமானது, அதில் அவசரத்துக்கு உதவும் உள்ளிணைந்த கிராபிக்ஸும் இருக்கிறது, 2027 வரையிலும் அதற்குப் பிறகும் அந்த மேடைக்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஆனால் அது டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். ரேமுக்கும் போர்டுக்கும் கூடுதலாகப் போகும் பணம், சிக்கனத் தொகுப்பில் கார்டின் பங்கிலிருந்துதான் வர வேண்டும். கார்டு ஒரு படி இறங்கினால் இன்றைய விளையாட்டு அனுபவமும் ஒரு படி இறங்கும். பணம் கார்டைத் தொடாமல் போதுமானால் ஏஎம்5. போதாவிட்டால் ஏஎம்4 என்பதே என் தீர்ப்பு.

ஏஎம்4 மேடைக்கு எதிர்காலம் இல்லை என்பதும் உண்மை. 96 எம்பி எல்3 கேஷ் கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி அதன் விளையாட்டு வேகத்துக்குப் பெயர்பெற்றது என்றாலும், புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். இத்தொகுப்பில் முதலில் மாற்றப்போவது கார்டாகத்தான் இருக்கும். 16 ஜிபி நினைவகத்தோடு 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி போன்ற கார்டு ஏறத்தாழ 160 வாட் கேட்கும். 550 வாட் பவர் சப்ளை அதைத் தடையின்றித் தாங்கும், பிசிஐஇ 4.0 உள்ள பி550 போர்டும் அதன் வேகத்தைப் பெரிதாகக் குறைக்காது, ரைசன் 5 5600 மட்டும் சில விளையாட்டுகளில் அதற்குச் சற்றுப் பின்தங்கும். 1440பி மானிட்டரை அப்போது வாங்கலாம்.